பெட்டிக்கு லைற் பூட்டுதல்

உழவு இயந்திரத்தின் பின்னால் ஒரு பெட்டியைக் கொளுவியதும் இயந்திரத்தின் சொந்தப் பின்விளக்குகள் பயனற்றுப் போகின்றன. பெட்டியின் முன்பலகையும் அதில் ஏற்றிய சுமையும் அவற்றை முழுதாக மறைத்துவிடும். பின்னால் வருபவருக்குத் தெரிவது பெட்டியின் பின்பலகை மட்டுமே. வாகனம் இருக்கிறது, நிற்கப் போகிறது, இடப்பக்கம் திரும்பப் போகிறது, வலப்பக்கம் திரும்பப் போகிறது என்ற நான்கு செய்திகளையும் இனி அந்தப் பின்பலகையே சொல்ல வேண்டும். பெட்டிக்கென்று இயந்திரமோ மின்பிறப்பாக்கியோ கிடையாது. அதன் விளக்குகளுக்கான மின்சாரமும் கட்டளையும் இழுக்கும் வாகனத்திலிருந்து ஒரு வயர்க் கோவை வழியாகவே வந்து சேர வேண்டும். அந்தக் கோவையைச் சரியாக இணைப்பது கடினமான வேலையல்ல. ஆனால் அதில் வழக்கமாக விடப்படும் பிழை ஒன்று உண்டு. மின்சாரம் போகும் வழியைக் கவனிக்கும் அளவுக்கு அது திரும்பி வரும் வழியை எவரும் கவனிப்பதில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்த விளக்குகளுக்கு வேலை அதிகம். வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களின் வெங்காயமும் மரக்கறியும் திருநெல்வேலி, மருதனார்மடம், சுன்னாகம் சந்தைகளுக்கு விடியுமுன்னரே புறப்படுகின்றன. வன்னியிலிருந்து நெல்லும் விறகும் ஆனையிறவைக் கடந்து கண்டி வீதியால் வருகின்றன. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் பூநகரிப் பாதையும் சுமை வாகனங்களுக்குப் பயன்படுகிறது. கரையோரக் கிராமங்களில் பைபர் படகுகள் சில்லு வைத்த தாங்கிகளில் ஏற்றி இழுக்கப்படுகின்றன. இவற்றில் பெரும்பகுதி இருட்டிலும் மாரி மழையிலும் நடக்கும் பயணம்.

போருக்குப் பின்னர் வீதிகள் செப்பனிடப்பட்டு அகலமாகியதும் ஏனைய வாகனங்களின் வேகம் கூடிவிட்டது. சுமையுடன் போகும் உழவு இயந்திரமோ மணிக்கு 20 கிலோமீற்றர் அளவிலேயே நகர்கிறது. அதன் பின்னால் 60 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வருவதாகக் கொண்டால், இரண்டுக்கும் இடையிலான தூரம் விநாடிக்கு 11 மீற்றர் வீதம் குறைகிறது. விளக்கில்லாத பெட்டி 30 மீற்றர் தூரத்தில்தான் கண்ணில் படுகிறது என்றால் ஓட்டுநருக்குக் கிடைப்பது மூன்று விநாடிக்கும் குறைவான அவகாசம். எரியும் ஒரு சிவப்பு விளக்கு அதே பெட்டியைப் பல நூறு மீற்றருக்கு அப்பாலேயே காட்டிவிடும்.

சட்டமும் இதை ஓட்டுநரின் விருப்பத்துக்கு விட்டுவிடவில்லை. இலங்கையில் வாகன விளக்குகளை 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டமும் அதன் கீழான ஒழுங்குவிதிகளும் கட்டுப்படுத்துகின்றன. பெட்டி பூட்டிய இரு சக்கர உழவு இயந்திரத்துக்கு ‘ஜி1’, ஏனைய உழவு இயந்திரங்களுக்கு ‘ஜி’ எனச் சாரதி அனுமதிப்பத்திரத்திலும் தனி வகுப்புகள் உண்டு. வயலுக்குள் ஓடும்போது கருவியாக இருப்பது வீதியில் ஏறியதும் வாகனமாகிவிடுகிறது.

நான்கு செய்தி, ஐந்து கம்பி

பெட்டியின் பின்புறத்தில் இரு ஓரங்களிலும் ஒவ்வொரு விளக்குத் தொகுதி பூட்டப்படும். ஒவ்வொன்றிலும் சிவப்புப் பின்விளக்கு, அதைவிடப் பிரகாசமான சிவப்பு பிறேக் விளக்கு, செம்மஞ்சள் சிக்னல் விளக்கு என மூன்று இருக்கும். இலக்கத் தகட்டுக்கு மேல் ஒரு சிறிய வெள்ளை விளக்கு வரும். பின்விளக்குக்கும் பிறேக்குக்கும் பொதுவாக ஒரே மின்குமிழையே பயன்படுத்துவார்கள். அதற்குள் இரண்டு இழைகள் இருக்கும். 5 வாற் இழை பின்விளக்காகவும் 21 வாற் இழை பிறேக் விளக்காகவும் எரியும். சிக்னலுக்குத் தனியாக 21 வாற் மின்குமிழ்.

இவற்றை இயக்க நான்கு கம்பிகள் முன்னாலிருந்து வர வேண்டும். பின்விளக்குகளுக்கும் இலக்கத் தகட்டு விளக்குக்கும் சேர்த்து ஒன்று, பிறேக்குக்கு ஒன்று, இடது சிக்னலுக்கு ஒன்று, வலது சிக்னலுக்கு ஒன்று. ஐந்தாவது கம்பிதான் எல்லா விளக்குகளிலிருந்தும் மின்சாரத்தைத் திருப்பி பற்றரியின் மறைமுனைக்குக் கொண்டுபோவது. வயரிங் வேலை செய்பவர்கள் அதை ஏர்த் என்பார்கள்.

எவ்வளவு மின்னோட்டம் என்று கணக்கிடுவது சுலபம். வாற்றை வோல்ற்றால் வகுத்தால் அம்பியர் வரும். 12 வோல்ற் பற்றரியில் 21 வாற் மின்குமிழ் ஒன்று 1.75 அம்பியர் எடுக்கும். 5 வாற் மின்குமிழ் ஏறத்தாழ 0.4 அம்பியர் எடுக்கும். இரண்டு பிறேக் விளக்குகளுக்கு 3.5 அம்பியர், இரண்டு பின்விளக்கும் இலக்கத் தகட்டு விளக்கும் சேர்ந்து 1.25 அம்பியர், ஒரு பக்கச் சிக்னலுக்கு 1.75 அம்பியர். பின்விளக்கு எரிய, பிறேக் அழுத்திச் சிக்னலும் போட்டிருக்கும் நேரத்தில் மொத்தம் 6.5 அம்பியர். முன்கம்பிகள் இதைத் தங்களுக்குள் பகிர்ந்து சுமக்கின்றன. ஏர்த் கம்பியோ 6.5 அம்பியரையும் தனியாகவே சுமக்கிறது. ஐந்தில் அதுவே தடித்ததாக இருக்க வேண்டும்.

திரும்பி வரும் வழி

நடைமுறையில் பல பெட்டிகளுக்கு அந்த ஐந்தாவது கம்பி போடப்படுவதே இல்லை. பெட்டியின் சட்டமும் இரும்பு, உழவு இயந்திரமும் இரும்பு, இரண்டையும் இணைக்கும் ஆணியும் இரும்பு, அதனால் மின்சாரம் தானாகவே திரும்பிவிடும் என்பது கணக்கு. புதிதாகப் பூட்டிய நாளில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் கொளுவும் இடம் மின்தொடர்புக்காகச் செய்யப்பட்டதல்ல. அதில் கிறீஸ் பூசப்படுகிறது, செம்மண் அப்புகிறது, கறள் ஏறுகிறது. ஆணிக்கும் துளைக்கும் இடையில் வேண்டுமென்றே இடைவெளி விடப்பட்டிருக்கும். சுமை இழுபடும்போது ஒரு பக்கம் தொடும், பிறேக் பிடிக்கும்போது மறுபக்கம் தொடும், நடுவில் ஒரு கணம் எங்கும் தொடாமலும் இருக்கும். நேர்வீதியில் எரியும் விளக்கு வளைவில் அணைவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஏர்த் அறுந்தால் விளக்குகள் எப்போதும் பேசாமல் அணைந்துவிடுவதில்லை. பல வேளைகளில் அவை தவறான செய்தி சொல்லத் தொடங்கும். இடது சிக்னலைப் போடுவதாகக் கொள்வோம். மின்சாரம் சிக்னல் மின்குமிழின் இழைக்குள் சென்று விளக்குத் தொகுதியின் பொது ஏர்த்தை அடைகிறது. அங்கிருந்து வழி இல்லை. ஆனால் அதே இடத்தில் பின்விளக்கின் இழையும் தொடுக்கப்பட்டிருக்கிறது. மின்சாரம் அந்த இழைக்குள் பின்புறமாக ஏறி, பின்விளக்குக் கம்பி வழியாக முன்னோக்கிப் போய், உழவு இயந்திரத்தின் சொந்தப் பின்விளக்குகள் ஊடாக நிலத்தைத் தேடிக்கொள்கிறது. சிக்னல் போட்டால் பின்விளக்குகள் மங்கலாக மினுங்குவதும், பிறேக் அழுத்தினால் எரிந்துகொண்டிருந்த விளக்கு அணைவதும், இடது சிக்னலுக்கு வலதும் சேர்ந்து துடிப்பதும் இப்படித்தான் நிகழ்கின்றன. இந்த நிலையில் 21 வாற் இழை கிட்டத்தட்ட எரிவதே இல்லை. ஏனெனில் 5 வாற் இழையின் தடை அதைவிட நான்கு மடங்குக்கும் அதிகம். தொடராக வரும் இரண்டில் தடை கூடியதே வோல்ற்றின் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும்.

இந்தக் குழப்பத்தைக் கண்டவர்கள் வழக்கமாக மின்குமிழை மாற்றுவார்கள், பிறகு சிக்னல் பிளாஷரை மாற்றுவார்கள், பிறகு ஆளியை மாற்றுவார்கள். செய்ய வேண்டியது ஒன்றே: இரண்டு விளக்குத் தொகுதிகளிலிருந்தும் தனித்தனியாக ஏர்த் கம்பி எடுத்து, பெட்டியின் முன்புறத்தில் சேர்த்து, பிளக் வழியாக இழுக்கும் வாகனத்தின் ஏர்த்துக்குக் கொண்டுபோவது. பெட்டியின் சட்டத்தோடும் ஓரிடத்தில் அதை இணைத்துவிடலாம். அந்த இடத்தில் பெயின்ற்றைச் சுரண்டி, வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, வளைய முனை வைத்துத் திருகாணியால் இறுக்கி, அதன்மேல் கிறீஸ் பூச வேண்டும். அது மேலதிகப் பாதுகாப்புக்கு மட்டுமே. ஏர்த் கம்பிக்கு அது பதிலாகாது.

ஏழு ஊசிப் பிளக்

இழுக்கும் வாகனத்தையும் பெட்டியையும் மின்னால் இணைப்பது வட்டமான ஏழு ஊசிப் பிளக்கும் அதற்கான சொக்கற்றும். பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ்.ஓ 1724 தரம் ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு வேலையும் ஒரு நிறமும் ஒதுக்கியிருக்கிறது. பிளக்கின் உட்புறத்தில் இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும்.

1 – மஞ்சள் – இடது சிக்னல்
2 – நீலம் – பின்புறப் பனிமூட்ட விளக்கு
3 – வெள்ளை – ஏர்த்
4 – பச்சை – வலது சிக்னல்
5 – மண்ணிறம் – வலப்பக்கப் பின்விளக்கு
6 – சிவப்பு – பிறேக்
7 – கறுப்பு – இடப்பக்கப் பின்விளக்கு

பின்விளக்குகளுக்கு இரண்டு ஊசிகள் இருப்பது, ஒரு பக்கத்துக்கு மின் வராமற் போனாலும் மறுபக்கம் எரிவதற்காக. சாதாரண உழவு இயந்திரத்தில் 5ஐயும் 7ஐயும் ஒன்றாக இணைத்துவிடலாம். இரண்டாம் ஊசி குடாநாட்டில் பெரும்பாலும் சும்மா இருக்கும். கறுப்பு என்றால் ஏர்த் என்ற வழக்கத்தில் ஏழாம் கம்பியை நிலத்துக்குக் கொடுத்துவிடுவது அடிக்கடி நேரும் தவறு. அப்படிச் செய்தால் விளக்கைப் போட்ட கணமே பியூஸ் போய்விடும். இந்த முறையில் ஏர்த்தின் நிறம் வெள்ளை.

ஊருக்கென்று ஒரே வரிசையை வைத்துக்கொள்வதால் இன்னொரு நன்மையும் உண்டு. ஒருவரின் பெட்டியை இன்னொருவரின் உழவு இயந்திரம் இழுப்பது அறுவடைக் காலத்தில் சாதாரணம். இரண்டும் தரத்தின்படி இணைக்கப்பட்டிருந்தால் எந்தப் பெட்டியும் எந்த இயந்திரத்தோடும் பேசும். ஆளுக்கொரு வரிசையில் இணைத்தால் இடது சிக்னலுக்கு வலது எரியும். வீதியில் இடப்பக்கம் ஓடும் நாட்டில் வலப்பக்கம் திரும்புவது எதிரே வரும் வாகனங்களைக் குறுக்கறுக்கும் செயல். அங்கே பொய்யான சிக்னல் சிக்னல் இல்லாததைவிட ஆபத்தானது.

கனடா, அமெரிக்கா நாடுகளில் சிறிய பெட்டிகளுக்கு நான்கு கம்பித் தட்டைப் பிளக் ஒன்று பயன்படுகிறது. அதில் வெள்ளை ஏர்த், மண்ணிறம் பின்விளக்கு, மஞ்சளும் பச்சையும் சிக்னலையும் பிறேக்கையும் சேர்த்துச் சுமப்பவை. ஒரே சிவப்பு மின்குமிழ் பிறேக்குக்கு நிலையாக எரியும், சிக்னலுக்கு மினுங்கும். சிக்னலுக்குத் தனிச் செம்மஞ்சள் விளக்கு வைத்த வாகனத்தோடு அதை நேரடியாக இணைக்க முடியாது. இடையில் மாற்றிப் பெட்டி ஒன்று தேவை. அங்கிருந்து வந்த விளக்குத் தொகுதியைப் பூட்ட நினைப்பவர் இதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இழுக்கும் வாகனத்தில் கம்பியைக் கண்டுபிடித்தல்

புதிய உழவு இயந்திரங்கள் பலவற்றில் பின்புறத்தில் ஏழு ஊசிச் சொக்கற் தொழிற்சாலையிலேயே பூட்டப்பட்டு வருகிறது. இல்லாதவற்றில் பின்விளக்குக்குப் போகும் கம்பிகளிலிருந்துதான் எடுக்க வேண்டும். வாகனத்துக்குள் ஓடும் கம்பிகளின் நிறம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். நிறத்தை நம்பாமல் சோதனை விளக்கால் பார்ப்பதே முறை. சோதனை விளக்கின் ஒரு முனையைச் சுத்தமான இரும்பில் கவ்வவிட்டு, மறுமுனையின் ஊசியைக் கம்பியின் இணைப்பில் வைக்க வேண்டும். விளக்கு ஆளியைப் போட்டதும் நிலையாக எரிந்தால் அது பின்விளக்குக் கம்பி. பிறேக்கை மிதிக்கும்போது மட்டும் எரிந்தால் பிறேக். மினுங்கினால் அந்தப் பக்கச் சிக்னல். கண்டதைக் கண்டவுடன் துண்டு ஒட்டிக் குறித்துக்கொண்டால் பிறகு தடுமாற்றம் வராது.

உழவு இயந்திரத்தின் பிறேக்கில் ஒரு தனித்தன்மை உண்டு. இடது, வலது சில்லுகளுக்குத் தனித்தனி மிதிகள் இருக்கும். வயலில் ஒரு சில்லை மட்டும் பிடித்து மடக்கித் திருப்புவதற்கான ஏற்பாடு அது. வீதிக்கு வரும்போது இரண்டு மிதிகளையும் கொண்டியால் இணைக்க வேண்டும். பிறேக் விளக்கின் ஆளி ஒரு மிதியில் மட்டும் பூட்டப்பட்டிருந்தால், கொண்டி போடாத நிலையில் மற்ற மிதியை மிதிக்கும்போது விளக்கு எரியாது. பழைய இயந்திரங்களில் அந்த ஆளியே இல்லாமலும் இருக்கும். மோட்டார் சைக்கிளின் பின்பிறேக்கில் வரும் சுருள்வில் ஆளியை மிதியோடு பூட்டி அந்தக் குறையைத் தீர்க்கலாம். சேற்றுக் காப்பின் மேலே பின்னோக்கிப் பூட்டியிருக்கும் வெள்ளை வேலை விளக்கு வீதியில் அணைந்திருக்க வேண்டும். அது பின்னால் வருபவரின் கண்ணைக் கூசச் செய்து சிவப்பு விளக்கை விழுங்கிவிடும்.

பெட்டியின் விளக்குகள் சேரும்போது பிறேக் சுற்றின் மின்னோட்டம் 3.5 அம்பியரிலிருந்து 7 அம்பியராக இரட்டிக்கிறது. பழைய ஆளியின் தொடுமுனைகள் அதைத் தாங்காமல் கருகிப்போகும். அதற்கு ரிலே போடுவதே நல்ல வழி. வாகனத்தின் பிறேக் கம்பி ரிலேயின் 85, 86 முனைகளுக்கிடையிலுள்ள சுருளை மட்டும் இயக்கும். பெட்டிக்கான மின்சாரம் பற்றரியிலிருந்து ஒரு பியூஸ் வழியாக 30ஆம் முனைக்கு வந்து 87ஆம் முனையால் வெளியேறும். அந்த பியூஸ் பற்றரிக்கு மிக அருகில் இருக்க வேண்டும். வழியில் எங்கு கம்பி உரசி இரும்பில் பட்டாலும் தீப்பிடிக்காமல் காப்பது அதுதான்.

அண்மைக் காலக் கார்களிலும் பிக்கப்களிலும் விளக்குகளைக் கணினிப் பெட்டி ஒன்று கட்டுப்படுத்துகிறது. ஒவ்வொரு மின்குமிழும் எவ்வளவு மின்னோட்டம் எடுக்கிறது என்பதையும் அது கண்காணிக்கிறது. அவற்றின் கம்பியை வெட்டி நேரடியாக இன்னொரு விளக்கை இணைத்தால் எச்சரிக்கை விளக்கு எரியலாம், கணினிப் பெட்டியே பழுதாகவும் கூடும். சோதனைக்கும் இழை விளக்குக்குப் பதில் டிஜிற்றல் மீற்றரையே பயன்படுத்த வேண்டும். இவற்றுக்கென விற்கப்படும் இடைத் தொகுதி வாகனத்தின் கம்பியிலிருந்து செய்தியை மட்டும் படித்து, பெட்டிக்கான மின்சாரத்தை நேரடியாக பற்றரியிலிருந்து எடுக்கிறது.

மறுமுனையில் யாழ்ப்பாணத்தின் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் இருக்கின்றன. 1950களில் வந்த பிரித்தானிய வாகனங்கள் பலவற்றில் பற்றரியின் நேர்முனையே இரும்புச் சட்டத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. இழை மின்குமிழுக்கு அதனால் வித்தியாசமில்லை. எல்.ஈ.டி விளக்கு மட்டும் முனை மாறினால் எரியாது. அப்படியான வாகனத்தில் கம்பியைத் தொடுமுன் எந்த முனை சட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

லாண்ட்மாஸ்டருக்கு வேறு வழி

வடக்கில் எந்த நிறுவனம் செய்த இரு சக்கர உழவு இயந்திரத்துக்கும் லாண்ட்மாஸ்டர் என்றே பெயர். கையால் சுற்றி இயக்கப்படும் இவ்வகை டீசல் இயந்திரங்கள் பலவற்றில் பற்றரி கிடையாது. பறக்கும் சில்லோடு இணைந்த சிறிய காந்த மின்பிறப்பாக்கி முன்விளக்குக்கு மட்டும் மின்சாரம் தரும். பற்றரியும் எரிபொருளும் தடைசெய்யப்பட்டிருந்த 1990களின் முற்பகுதியில் குடாநாட்டு மக்கள் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். அந்த டைனமோ போலவே இதுவும் சுழலும் வேகத்துக்கு ஏற்பவே மின்சாரம் தரும். இயந்திரம் மெதுவானால் விளக்கு மங்கும், நின்றால் அணையும். வீதியோரம் பழுதாகி நிற்கும்போதுதான் பின்விளக்கு அதிகம் தேவை. அப்போது அது எரியாது.

எனவே லாண்ட்மாஸ்டர் பெட்டிக்கு 12 வோல்ற் பற்றரி ஒன்றைப் பெட்டியிலேயே வைப்பது நல்லது. சாரதி அமர்வது பெட்டியின் முன்பகுதியில். பெட்டியின் பிறேக் மிதியும் அவரது காலடியிலேயே இருக்கிறது. ஆகவே பற்றரி, ஆளிகள், பிளாஷர், பிறேக் ஆளி அனைத்தையும் பெட்டியிலேயே பூட்டிவிடலாம். பிளக்கே தேவையில்லை. எல்.ஈ.டி விளக்குகளைப் போட்டால் சிறிய பற்றரி ஒன்றே பல மணிநேரம் தாங்கும். அதை வீட்டில் சார்ஜ் செய்யலாம், அல்லது இயந்திரத்தின் மின்பிறப்பாக்கியிலிருந்து சார்ஜ் செய்யலாம். மின்பிறப்பாக்கி தருவது ஆடலோட்டம் என்பதால் இடையில் சீராக்கியும் வோல்ற் கட்டுப்படுத்தியும் வேண்டும். அவை இல்லாமல் எல்.ஈ.டி விளக்கையோ பற்றரியையோ நேரடியாக இணைத்தால் பழுதாகிவிடும்.

கம்பியும் மூட்டும்

வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 1/1.13 கம்பியைப் பெட்டிக்கு இழுப்பது பலரும் செய்வது. அது தனித் தண்டாக இருக்கும் கம்பி. சுவருக்குள் அசையாமல் கிடக்க ஏற்றது. பெட்டியின் ஓயாத அதிர்வில் மடிந்து மடிந்து உள்ளே முறிந்துவிடும். வெளியுறை முழுதாக இருப்பதால் முறிவு கண்ணுக்கும் தெரியாது. வாகனத்துக்குப் பல மெல்லிய இழைகள் சேர்ந்த நெகிழும் கம்பிதான் பொருத்தம்.

தடிப்பும் முக்கியம். சொக்கற்றிலிருந்து பெட்டியின் கடைசிவரை 8 மீற்றர் கம்பி போவதாகக் கொள்வோம். எல்லாவற்றுக்கும் 0.5 சதுர மில்லிமீற்றர் மெல்லிய கம்பி போட்டால், எல்லா விளக்கும் எரியும் நேரத்தில் பிறேக் விளக்குக்குப் போகும் வழியில் ஏறத்தாழ 1 வோல்ற்றும் திரும்பும் வழியில் 1.8 வோல்ற்றும் இழக்கப்படும். இழை மின்குமிழின் ஒளி வோல்ற்றைவிட மிக வேகமாகக் குறைவது. பத்திலொரு பங்கு வோல்ற் குறைந்தால் ஒளியில் மூன்றிலொரு பங்குக்குக் கிட்டப் போய்விடும். இங்கே 2.8 வோல்ற் போனால் பாதி ஒளிகூட மிஞ்சாது. முன்கம்பிகளுக்கு 1.5 சதுர மில்லிமீற்றரும் ஏர்த்துக்கு 2.5 சதுர மில்லிமீற்றரும் போட்டால் இழப்பு 0.7 வோல்ற் அளவில் நின்றுவிடும்.

கம்பிகளைப் பெட்டியின் சட்டத்துக்கு உட்புறமாக, பிளாஸ்ரிக் குழாய்க்குள் விட்டு, சில்லும் சுமையும் படாத பாதையில் கொண்டுபோக வேண்டும். இரும்பில் துளையிட்டு விடும் இடங்களில் இறப்பர் வளையம் வைக்காவிட்டால் விளிம்பு உறையை அறுத்துவிடும். கொளுவும் இடத்தில் தொங்கும் நீளம் முழுமையாக மடங்கித் திரும்பும்போது இழுபடாமலும், நேரே போகும்போது வீதியில் உரசாமலும் இருக்க வேண்டும். கையால் முறுக்கி ரேப் சுற்றிய மூட்டு ஒரு மாரியைத் தாண்டாது. ரேப்பின் பசை வெயிலில் இளகி, உள்ளே நீர் தங்கி, செம்பில் பச்சைக் களிம்பு பிடிக்கும். ஈயம் பற்றவைத்து அல்லது முனை நசுக்கி இணைத்து, சூடாக்கினால் சுருங்கும் குழாயால் மூடிய மூட்டே நிலைக்கும். எப்படியும் மூட்டுகள் குறைவாக இருப்பது நல்லது.

சிக்னலின் வேகத்தையும் கவனிக்க வேண்டும். நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை மினுங்குவது பன்னாட்டு முறை. பழைய வகைப் பிளாஷர் தனக்குள் ஓடும் மின்னோட்டத்தின் சூட்டால் இயங்குவது. பெட்டியின் மின்குமிழ் சேர்ந்ததும் மின்னோட்டம் கூடி அளவுக்கு மீறி வேகமாக மினுங்கும். பெட்டியோடு பயன்படுத்தவென்று செய்யப்பட்ட இலத்திரனியல் பிளாஷரைப் போட்டால் இது தீரும்.

உப்பும் செம்மண்ணும்

குடாநாட்டில் எந்த ஊரும் கடலுக்கு வெகுதூரத்தில் இல்லை. பண்ணை, பொன்னாலை, ஆனையிறவு வழியாகப் போகும் வாகனத்தில் உப்புக்காற்று நேரடியாகவே படுகிறது. உப்பு ஈரத்தை இழுத்துவைக்கும். ஈரமான உப்பு மின்சாரத்தைக் கடத்தும். அதனால் பிளக்கின் ஊசிகளுக்கிடையே கசிவு ஏற்பட்டு உலோகம் அரித்துப் போகிறது. ஊசிகளில் வாஸ்லின் தடவுவதும், கழற்றிய பிளக்கை நிலத்தில் போடாமல் முகம் கீழ்நோக்க மாட்டிவைப்பதும், சொக்கற்றின் மூடியை வில் இறுக்கத்தோடு வைத்திருப்பதும் அதன் ஆயுளைக் கூட்டும். படகுத் தாங்கியைத் தண்ணீருக்குள் இறக்குமுன் பிளக்கைக் கழற்ற வேண்டும். சூடான மின்குமிழில் கடல்நீர் பட்டால் வெடிக்கும், மின் ஓடும் தொடுமுனைகள் உப்புநீரில் மிக வேகமாக அரிக்கும். வெளியே எடுத்ததும் நல்ல தண்ணீரால் கழுவிவிடுவது நல்லது. முழுதாக அடைத்த எல்.ஈ.டி விளக்குகள் இத்தகைய தாங்கிகளுக்கு மிகப் பொருத்தமானவை. விளக்கின் கண்ணாடியில் படியும் செம்மண் ஒரு மெல்லிய படலமாக இருந்தாலே ஒளியைப் பெரிதும் குறைக்கும். புறப்படுமுன் ஒரு துணியால் துடைப்பதற்குச் செலவில்லை.

பழுது பார்க்கும் வரிசை

புறப்படுமுன் ஒருவர் பின்னால் நிற்க, மற்றவர் பின்விளக்கு, இடது, வலது, பிறேக் என்ற வரிசையில் போட்டுப் பார்க்க வேண்டும். அதன்பின் பின்விளக்கும் பிறேக்கும் சிக்னலும் சேர்ந்து எரியும் நிலையையும் சோதிக்க வேண்டும். தனித்தனியாகச் சரியாக எரிந்து, சேர்ந்து எரியும்போது குழம்பினால் குறை ஏர்த்தில். ஒரே ஒரு விளக்கு மட்டும் எரியாவிட்டால் மின்குமிழையும் அதன் பிடியையும் பார்க்க வேண்டும். இரு பக்கமும் ஒரே வேலை நின்றுபோனால் அந்தக் கம்பியையோ பிளக்கின் ஊசியையோ பியூஸையோ பார்க்க வேண்டும். எதுவுமே எரியாவிட்டால் மீண்டும் ஏர்த். பெட்டியைக் கழற்றிய பின்னரும் இயந்திரத்தின் விளக்கே எரியவில்லை என்றால் பழுது பெட்டியில் இல்லை. ஏர்த்தை உறுதிசெய்ய ஒரு சுலபமான வழி உண்டு. பற்றரியின் மறைமுனையிலிருந்து ஒரு நீளக் கம்பியை எடுத்து விளக்குத் தொகுதியின் ஏர்த் முனையில் நேரடியாகத் தொட வேண்டும். குழப்பம் உடனே தீர்ந்தால் இடையிலுள்ள ஏர்த் வழியைப் புதுப்பிக்க வேண்டும் என்று பொருள்.

வயரிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கழற்றி வீதியோரம் விட்ட பெட்டிக்கு ஒளி கிடைக்காது. பிளக் பிரிந்ததும் எல்லா விளக்கும் செத்துவிடும். அந்த நேரத்துக்கு உதவுவது பின்வரும் வாகனத்தின் ஒளியையே திருப்பி அனுப்பும் சிவப்பு ஒளித்தெறிப்பிகளும் ஒளித்தெறிப்பு நாடாக்களும். பின்பலகையின் இரு ஓரங்களிலும், பெட்டியின் முழு அகலம் தெரியும்படி அவற்றை ஒட்டிவைக்க வேண்டும். பக்கப் பலகைகளில் செம்மஞ்சள் ஒளித்தெறிப்பிகள் இருந்தால் குறுக்குத் தெருவால் வருபவருக்கும் பெட்டியின் நீளம் தெரியும். வைக்கோலோ விறகோ ஏற்றும்போது அவை சுமையால் மறைபடாத உயரத்தில் இருக்க வேண்டும். சுமை பின்பலகையைத் தாண்டி நீட்டியிருந்தால் அதன் நுனியிலும் ஒன்றைக் கட்டிவிட வேண்டும்.